‘சம்மனசு’ என்னும் சொல்லும் குழந்தை இறப்பும்: கயத்தாறு, முத்துக்குளித்துறைக் கத்தோலிக்க வழக்கில் வானதூதர் கோட்பாடு

முன்னுரை

தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய செபங்களில் வானதூதரைக் குறிக்கும் சொல் ‘சம்மனசு’ என்பதாகும். பேச்சு வழக்கில் இச்சொல் மாசறியாச் சிறு குழந்தையையும் குறிக்கும். ஞானஸ்நானம் பெற்று இறந்த குழந்தை சம்மனசாகிவிட்டது என்று கூறித் தாயைத் தேற்றுவதும் உண்டு. திருச்சபையின் இறையியலோ இதற்கு இடம் தருவதில்லை. வானதூதர் உடலற்ற படைப்புகள். மனித ஆன்மா வானகம் சேர்ந்தாலும் மனித ஆன்மாவாகவே இருக்கும். போதனைக்கும் பேச்சுக்கும் இடையிலான இவ்விலகலை மக்களின் அறியாமை என்று கருதி ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்காமல், இவ்விலகலுக்கு வழிவகுத்தவை திருச்சபை ஏற்ற மொழியாக்கமும் அதன் அடக்கச் சடங்குமே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொடக்கத் திருச்சபையின் போதனை

எபிரேயத்தில் ‘மலாக்’ என்பதும் கிரேக்கத்தில் ‘அங்கெலோசு’ என்பதும் ‘தூதர்’ என்றே பொருள்படும். இது பணியைச் சுட்டும் பெயரேயன்றி இயல்பைச் சுட்டும் பெயரன்று எனப் புனித அகுஸ்தீன் தெளிவுபடுத்தியுள்ளார். வானதூதரை வழிபடும் போக்கை நான்காம் நூற்றாண்டின் லவோதிக்கேயா சங்கம் கண்டித்தது. 745இல் உரோமையில் கூடிய சங்கம் மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகிய மூவரின் பெயர்களை மட்டும் ஏற்றது.

குழந்தைகளைப் பற்றிய விவாதம் மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்திலிருந்து எழுந்தது. சிறியோரின் தூதர்கள் தந்தையின் முகத்தை எப்போதும் காண்கிறார்கள் என்று அங்கே இயேசு கூறுகிறார். அத்தூதர் ஒருவருக்கு அளிக்கப்படுவது பிறப்பிலா, ஞானஸ்நானத்திலா என்ற வினாவை மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் எழுப்பி, இரு சாத்தியங்களையும் எடைபோட்டார். பிறந்த கணம் முதலே ஒவ்வோர் ஆன்மாவுக்கும் காவல் தூதர் உண்டு என்பது புனித எரோணிமுவின் கருத்து. பின்னர் தாமஸ் அக்குவினாவும் இதையே ஏற்றார். அறிஞர் அவைக்குரியதாகத் தோன்றும் இவ்வினா, பச்சிளங் குழந்தைகள் மிகுதியாக இறந்த ஒரு நிலத்தில் வீட்டு வினாவாக மாறியது.

கடற்கரையும் கரிசலும்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களின் நடுவில் ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் அங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனனம் செய்து, ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். ஞானஸ்நானம் கொடுத்தே கைகள் ஓய்ந்துபோனதை அவருடைய கடிதம் குறிப்பிடுகிறது. இக்கட்டுரைப் பொருளுக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அவரது கடிதங்களில் உள்ளது. தம் கையால் ஞானஸ்நானம் பெற்று, மாசின்மை இழக்குமுன் இறந்த குழந்தைகளைத் தமக்காகப் பரிந்து பேசுவோராக அவர் கொள்கிறார். அவர்களின் தொகை ஆயிரத்தைத் தாண்டும் என்றும் கருதுகிறார். இறந்த குழந்தைகளை அவர் வானதூதர் எனக் கூறவில்லை. எனினும் வானதூதரிடம் வேண்டுவதுபோலவே அவர்களிடமும் வேண்டலாம் என்னும் மனநிலை இக்கடற்கரையின் முதல் தலைமுறையிலேயே வேர்கொண்டுவிட்டது. ஞானஸ்நானம் பெற்று இறந்த குழந்தையைப் போர்த்துக்கீசியர் ‘அஞ்சீனியு’, அதாவது ‘சிறு வானதூதர்’, என்று அழைப்பர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கடற்கரை வழக்கில் அதன் சாயல் படிந்திருத்தல் இயல்பே.

மதுரை–திருநெல்வேலிச் சாலையில் அமைந்த கயத்தாறு, வரலாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊராகவே பெரிதும் அறியப்படுகிறது. கத்தோலிக்க வரலாற்றில் இவ்வட்டாரம் கடற்கரையிலிருந்து வேறுபட்ட மற்றொரு மரபைச் சேர்ந்தது. கடற்கரை போர்த்துக்கீசிய ஆதரவில் இயங்கியது. உள்நாட்டுக் கரிசல் பூமியோ 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் வழிவந்த மதுரை மிஷனின் பணிக்களமாயிற்று. கயத்தாற்றுக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி அம்மிஷனின் தென்பகுதித் தளங்களுள் முதன்மையானது. வீரமாமுனிவர் தம் தமிழகப் பணியின் தொடக்கக் காலத்தில் அங்கே பணிபுரிந்தார்.

கடற்கரையில் ஊர் முழுவதும் ஒரே சமயமாக இருந்தது. கோயிலும் குருவும் அருகில் இருந்தனர். கரிசல் ஊர்களில் கிறித்தவர் சில குடும்பங்களாகச் சிதறி வாழ்ந்தனர். குருவின் வருகையோ அரிது. சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் உபதேசியாருக்கு உரியதாயிற்று. வேதியர் என்றும் அழைக்கப்பட்ட இவர்களுக்காகவே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை எழுதினார். உபதேசியார் வந்து சேருமுன் குழந்தை இறந்தால் நேர்ந்த இழப்பு என்ன என்பதை உணர்ந்தால்தான், அவர் கையிலிருந்த சிறு செம்புத் தண்ணீரின் பெறுமதி விளங்கும்.

சொல்லின் பயணம்

மொழியாக்கத்தில் மூன்று வழிகள் தென்படுகின்றன. முதலாவது ஒலிபெயர்ப்பு. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ முதலிய கடற்கரை நூல்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் மிகுதி. மிகெல் என்னும் போர்த்துக்கீசியப் பெயரை ஒட்டிய ‘மிக்கேல்’ இன்றும் கத்தோலிக்கரிடையே வழங்குகிறது. புராட்டஸ்டாண்டு வழக்கு ‘மிகாவேல்’. 1799இல் உருவான முதலூரின் ஆலயம் இப்பெயரையே தாங்கியுள்ளது. ஒரே வானதூதரின் பெயரை உச்சரிக்கும் முறையே ஒருவரின் சபையைக் காட்டிவிடும் நிலை திருநெல்வேலிச் சீமைக்கே உரிய சுவையான செய்தி.

இரண்டாவது வழி பணியை மொழிபெயர்ப்பது: தூதன், தேவதூதன். இது மூலச் சொல்லுக்கு நெருக்கமானது. மூன்றாவது வழி இயல்பைப் பெயராக்குவது, ‘சம்மனசு’ இவ்வகையினது. இதன் பிற்பகுதி ‘மனஸ்’ என்னும் வடசொல். முற்பகுதியை நன்மை குறிக்கும் முன்னொட்டாகக் கொள்வது பொருந்தும். ‘தேவர்’ என்றால் கோயிற் கடவுளரோடு மயக்கம் ஏற்படும். காப்பியத்தின் உயர்நடையில் அந்த மயக்கம் வீரமாமுனிவரைத் தடுக்கவில்லை. தேம்பாவணியில் அவர் ‘வானவர்’ என்றே துணிந்து பாடினார். செபத்துக்கும் ஞானோபதேசத்துக்கும் கோயில் வழிபாட்டோடு தொடர்பற்ற ஒரு சொல் தேவைப்பட்டது. சம்மனசு அத்தேவையை நிறைவு செய்தது.

ஆனால் அகுஸ்தீன் விலக்கிய பொருளே இச்சொல்லின் உள்ளே அமர்ந்துவிட்டது. தூதன் என்றால் அனுப்பப்பட்டவன். இறந்த குழந்தையை யாரும் தூதன் எனக் கருதுவதில்லை. நன்மனம் உடையது என்றாலோ, பாவம் அறியாத குழந்தை அச்சொல்லுக்குள் தடையின்றி நுழைந்துவிடுகிறது.

வழிபாடு தந்த இசைவு

1614இன் உரோமைச் சடங்குநூல் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் அடக்கத்தைத் துக்கச் சடங்காக அமைக்கவில்லை. வெள்ளை உடை, தலையில் மலர்முடி, துக்கத்துக்குரியவற்றின் இடத்தில் புகழ்ச்சித் திருப்பாடல்கள் ஆகியன அதன் கூறுகள். இறந்தோருக்கான பூசைக்குப் பதிலாக வானதூதர் பூசையை நிறைவேற்றும் வழக்கமும் இருந்தது. மன்றாட வேண்டிய பாவம் அக்குழந்தையிடம் இல்லை என்பதே இதன் உட்பொருள். இலத்தீன் அறியாத குடும்பத்தார் கண்டதும் கேட்டதும் வேறு: குருவின் வெண்ணிற உடை, பிள்ளையின் தலையில் பூ, சம்மனசுகளின் பூசை. இவற்றிலிருந்து அவர்கள் எய்திய முடிவில் பிழை காண்பது கடினம்.

இதனோடு நாள்தோறும் நிகழ்ந்த திரிகால செபமும் சேர்ந்தது. காலை, நண்பகல், மாலை என மூவேளையும் கபிரியேல் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன நிகழ்வு நினைவுகூரப்பட்டது. 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டு, 1830களின் இறுதியில் மீண்டும் வரும்வரை குருக்கள் மிகக் குறைந்திருந்தனர். அக்காலத்தில் குடும்பச் செபமே சமயத்தைப் பெரிதும் தாங்கியது. இறையியல் விளக்கம் அருகியது, சொல் நிலைத்தது. காவல் சம்மனசை வேண்டிக்கொண்டு பிள்ளையை உறங்கவைத்த தாய்க்கு, உயிரோடிருந்த பிள்ளையின் துணையும் இறந்த பிள்ளையின் நிலையும் ஒரே பெயரால் அறிமுகமாயின.

ஞானஸ்நானம் பெறாத குழந்தை

இச்சொல் எல்லாத் தாய்மாருக்கும் ஆறுதல் தரவில்லை. ஞானஸ்நானமின்றி இறந்த பிள்ளைக்கு மலர்முடி இல்லை, வானதூதர் பூசை இல்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின்படி மந்திரித்த கல்லறையில் இடமும் இல்லை. இறைக்காட்சியற்ற ‘லிம்போ’ நிலையே அதற்குரியது என்ற கருத்து நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. எரோணிமு கூறியபடி பிறப்பிலேயே காவல் சம்மனசைப் பெற்ற அக்குழந்தை, மக்கள் வழக்கின்படி சம்மனசாக முடியாமற் போயிற்று. முத்துக்குளித்துறையிலும் கரிசலிலும் பிள்ளைக்கு உடனே ஞானஸ்நானம் கொடுக்கக் காட்டிய பதற்றத்தை இப்பின்னணியில்தான் புரிந்துகொள்ள இயலும்.

1969இன் புதிய அடக்கச் சடங்கு, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க விரும்பியும் அதற்குமுன் இறந்த குழந்தைகளுக்கும் மன்றாட்டுகளை வகுத்தது. 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட ஆவணம் அவர்களின் மீட்பில் நம்பிக்கை கொள்ளக் காரணங்கள் உண்டு என்றது. இதற்கிடையே 1995இன் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் ‘வானதூதர்’ என்னும் சொல்லைக் கையாண்டு, மூலத்தின் பணிப்பொருளை மீட்டது. விலக்கப்பட்டிருந்த குழந்தைக்கு நம்பிக்கையின் வாயில் திறந்த அதே காலத்தில், அக்குழந்தைக்கும் இனிப் பொருந்தக்கூடிய ‘சம்மனசு’ என்னும் சொல் புதிய செபநூல்களிலிருந்து அருகத் தொடங்கிவிட்டது. முதியோரின் திரிகால செபத்தில் அது இன்னும் ஒலிக்கிறது.