பள்ளி ஆலோசகரை உருவாக்குதல்: பசுமலைப் பயிற்சி மரபை முன்னிட்டு ஒரு விசாரணை

சுக்தேவ் சாகா வழக்கில் 2025ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நூறும் அதற்கு மேலும் மாணவரைக் கொண்ட கல்வி நிலையம் ஒவ்வொன்றும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் மனநலத்தில் தக்க பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்போருள் ஒருவரையேனும் அமர்த்திக்கொள்ளுதல் வேண்டும் என்று பணித்தது. ஆட்களை அமர்த்துவது நிர்வாகத்தின் சித்தத்தையும் நிதியையும் பொறுத்த காரியம். ‘தக்க பயிற்சி’ என்பது எத்தகையது என்று நிர்ணயிப்பதோ கல்வியாளரின் கடமை. அக்கடமையை நாம் இன்னும் கையில் எடுக்கவில்லை என்பதும், எடுக்கும்போது அமெரிக்கப் பாடநூல்களைப் புரட்டுவதற்கு முன்னால் பசுமலையின் பழைய ஆசிரியப் பயிற்சி முறையை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது பிரயோஜனமாகும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அமெரிக்க மதுரை மிஷனார் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்ததும், அங்கே 1881இல் உதித்த கல்லூரி 1904இல் மதுரை நகரத்துக்குப் பெயர்ந்து இன்றைய அமெரிக்கன் கல்லூரியாய் வளர்ந்ததும் பலரும் அறிந்த சரித்திரம். கல்லூரியின் கீர்த்தியில் மறைந்துபோனது, மலையடியிலேயே நடந்துவந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. அக்காலத்துப் பயிற்சிப் பள்ளிகள் யாவற்றுக்கும் ஆதாரமான நியதி ஒன்று உண்டு: பயிற்சி பெறுவோன் நடத்திப் பழகுவதற்கு மெய்யான குழந்தைகள் படிக்கும் மாதிரிப் பள்ளி அருகிலேயே இருத்தல் வேண்டும். அவன் பாடம் நடத்துவான். சக மாணவர் பின்வரிசையில் குறிப்பேடும் கையுமாய் அமர்ந்திருப்பர். மணி அடித்துக் குழந்தைகள் வெளியேறியபின், கரும்பலகையில் எழுதிய கோணல் எழுத்து முதல், கடைசி பெஞ்சுப் பையனைக் கேள்வியே கேளாமல் விட்ட குற்றம் ஈறாக, அனைத்தும் அங்கேயே அலசப்படும். அந்தக் கண்டிப்பு சில வேளை கடுமையாகவே இருந்திருக்கும்; ஆயினும் பிறர் காணத் தொழில் செய்து, பிறர் சொல்லக் குறை அறிந்து, மறுநாளே மீண்டும் செய்து பார்க்கும் இந்த மூன்றும் சேர்ந்த சிக்ஷைக்கு நிகரானதொன்றை ஆலோசகர் கல்வி நம் நாட்டில் இன்னும் பொதுவழக்காகப் பெறவில்லை.

பள்ளிகளில் வழிகாட்டுதல் வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் கூடிய இடைநிலைக் கல்விக் குழு, பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலர்களும் தொழில்வழி ஆசிரியர்களும் பள்ளிதோறும் படிப்படியாய்க் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்றது. 1954இல் மத்திய வழிகாட்டு நிலையமும் தோன்றிற்று. 1964–66இல் கோத்தாரிக் குழு ஆசையைக் குறைத்துக்கொண்டு, பத்துப் பள்ளிகளுக்கு ஒரு வருகைதரு ஆலோசகராவது இருக்கட்டும் என்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தக் குறைந்தபட்சமே நமக்கு எட்டாத உயரமாக நிற்கிறது. வழிகாட்டுதலைத் தகவல் கொடுத்தலாகவே நாம் கருதிவிட்டது இதற்கொரு காரணம். எந்தப் படிப்புக்கு எந்தக் கல்லூரி என்று சொல்வதற்கு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமே போதும். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தகவல் தெரிந்தும் தீர்மானிக்க இயலாத பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது வேறு வித்தை.

அவ்வித்தையை அமெரிக்கர் எவ்வாறு கற்பிக்கின்றனர்? ஆலோசகர் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் கேக்ரெப் என்னும் அமைப்பு, முதுகலைப் படிப்புக்கு 60 செமஸ்டர் கிரெடிட்டுகளும், முதற்கட்டச் செய்முறைக்கு 100 மணி நேரமும், அதன்பின் களப்பணிக்கு 600 மணி நேரமும் விதித்திருக்கிறது. அந்த 600இல் 240 மணி நேரமாவது நேருக்கு நேர் ஆலோசனையில் கழிய வேண்டும். நம்மவர் இவ்வெண்களைக் கண்டு மலைத்து, பாதியாவது வைப்போம் என்று சமரசத்துக்கு வருவர். எண்களைவிட முக்கியமானது, வாரந்தோறும் மேற்பார்வையாளர் ஒருவர் பயிற்சியாளரோடு அமர்ந்து, நடந்த உரையாடலைக் கேட்டு விசாரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. நம் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு மைசூர் முதலிய இடங்களில் நடத்தும் ஓராண்டு டிப்ளமாவிலும் மூன்று மாதக் களப்பயிற்சி உண்டு, மெச்சத்தக்கதே. ஆயினும் அந்த மூன்று மாதத்தில் பயிற்சியாளர் பேசிய பேச்சைக் கூடவிருந்து கேட்டவர் யார் என்பதே என் கேள்வி.

மேற்பார்வை என்பது என்ன செய்யும் என்பதைக் காட்ட ஓர் உதாரணத்தைப் புனைந்து சொல்கிறேன். பசுமலைக்கு அண்மையிலுள்ள விளாச்சேரி, நவராத்திரிக் கொலுவுக்கு மண்பொம்மை செய்யும் ஊர். அவ்வூர்ப் பெண் ஒருத்தி, பத்தாம் வகுப்பு முடிவு வந்து, பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்று கேட்க வந்திருக்கிறாள். பயிற்சியாளர் பின்னர் நினைவிலிருந்து எழுதித் தந்த உரையாடல் இது:

“எங்கம்மா காமர்ஸ் எடுன்னு சொல்லுது டீச்சர். எங்கப்பா ஒண்ணும் சொல்லல.”

“நீ என்ன நினைக்கிற?”

“எனக்கென்ன டீச்சர், எதைக் குடுத்தாலும் படிப்பேன்.”

“அப்படிச் சொல்லு! நல்லாப் படிச்சா எல்லாமே நல்ல குரூப்தான்.”

பயிற்சியாளருக்கு இது திருப்தியாய் முடிந்த சந்திப்பு. பெண்ணும் சிரித்துக்கொண்டே போயிருப்பாள். மேற்பார்வையாளரோ முதல் வரியிலேயே விரலை வைத்து நிறுத்துவார். அப்பா ஏன் ஒன்றும் சொல்லவில்லை? பணமுடையா, மகள் படிக்கப் போனால் சீசன் வேளையில் வண்ணம் தீட்ட ஆளிராதே என்ற கவலையா, படிப்பு விஷயத்தில் வாய் திறக்கத் தனக்கு அருகதையில்லை என்ற கூச்சமா? எதைக் கொடுத்தாலும் படிப்பேன் என்பது உற்சாகமா, கையை விரித்துவிட்ட சோர்வா? இவற்றுள் ஒன்றையும் கேளாமல் வாழ்த்தி அனுப்பியது பள்ளி ஆசிரியருக்குரிய பழக்கம். ஆலோசகராகப் போகிறவர் அதைக் கழற்றி வைத்தாக வேண்டும். புத்தகத்தில் கார்ல் ராஜர்ஸ் சொன்ன பரிவையும் நிபந்தனையற்ற மதிப்பையும் மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கியவரும் இவ்விடத்தில் இடறுவர்.

இவ்வாறு உரையாடலை வரிவரியாய் எழுதி ஆராயும் முறை நம் மண்ணுக்கு அந்நியமுமன்று. ஆண்டன் பாய்சன் 1925இல் மாசசூசெட்ஸ் மனநோய் மருத்துவமனையொன்றில் இறையியல் மாணவர்க்குத் தொடங்கிய களப்பயிற்சியிலிருந்து வளர்ந்த இம்முறை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கையாளப்படுகிறது. 1969இல் உருவான அரசரடி இறையியல் கல்லூரி நம் அயலிலேயே இருக்கிறது. மத நோக்கத்தை அவர்களிடமே விட்டுவிட்டு முறையை மட்டும் நாம் இரவல் பெறத் தடையில்லை.

பாடத்திட்டத்தைப் பற்றி இரண்டொன்று மட்டும் சொல்வேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நிகழ்ந்த சாதிக் கொடுமைக்குப்பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், 500 மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. சாதி அடையாளமாக மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும் சொன்னது. தனிமனிதன் ஒருவனே உலகம் என்று எண்ணி எழுதப்பட்ட மேல்நாட்டு ஆலோசனை நூல்களில் இந்தக் கயிறு இல்லை. அதன் பொருளை அறியாத ஆலோசகர், ஒரு பையன் மூன்று நாளாய்ப் பள்ளிக்கு வராமையைச் சோம்பல் என்றோ மனச்சோர்வு என்றோ எழுதிவைத்துவிடுவார். மற்றொன்று ரகசியக் காப்பு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைமீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. ஆகவே ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்ற வாக்கை ஆலோசகர் கொடுத்தலாகாது. எதைச் சொல்ல நேரிடும் என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளை மிரளாத தமிழில், அது மனம் திறக்குமுன்பே, சொல்லப் பழகியிருத்தல் வேண்டும். இப்பழக்கமும் வாய்விட்டுப் பேசிப் பார்த்தாலன்றி வராது.

உளவியல் முதலான படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தலாகாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் விதித்தது நியாயமே. ஆனால் வேலையிலிருந்துகொண்டே படிக்கக்கூடிய கிராமப்புற ஆசிரியைக்கு அதனால் வாசல் அடைபட்டது. அதற்குப் பரிகாரமாகக் கோத்தாரியின் பழைய பத்துப் பள்ளிக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்: பசுமலை, திருப்பரங்குன்றம், அவனியாபுரம், திருமங்கலம் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பள்ளிகளைச் சேர்த்து ஒரு பயிற்சிக் களமாக்கி, வகுப்புகளை வார இறுதியிலும் விடுமுறையிலும் நடத்தி, வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியாளரைப் பள்ளிகளிலேயே அமர்த்துவது. அவ்வாறு வாரமிரு நாள் களத்தில் இருக்கும் வழக்கம் சமூகப்பணி முதுகலை மாணவர்க்கு ஏற்கெனவே உண்டு. மதுரைச் சமூக அறிவியல் கல்லூரி போன்ற இடங்களில் களப்பணியை மேற்பார்த்துக் கைதேர்ந்தவர்களே முதல் வரிசை மேற்பார்வையாளராகலாம்.

ஆசிரியரே ஆலோசகராகவும் இருந்தாலென்ன என்று சிக்கனம் கருதிச் சிலர் கேட்பர். மதிப்பெண் போடும் கையிடம் பிள்ளை தன் தோல்வியைச் சொல்லத் தயங்கும் என்பதொன்றே அதற்குப் போதிய விடை. ஆசிரியர் இப்பயிற்சி பெற்று, பாடம் நடத்தாத பள்ளியில் ஆலோசகராவதற்கு ஆட்சேபமில்லை.

மேற்பார்வைக்குச் செலவாகும் நேரத்தைப் பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. விரிவுரை மணிகளை வேலைநேரமாகக் கணக்கிடும் நிர்வாகம், ஒரு பயிற்சியாளரோடு மேற்பார்வையாளர் தனித்திருந்து அவர் எழுதித் தந்த உரையாடலைப் படிக்கும் ஒரு மணியையும் அவ்வாறே கணக்கிட்டு, ஒருவருக்கு ஆறு பயிற்சியாளருக்கு மேல் ஒப்படைக்காதிருத்தல் வேண்டும். இதைப் பாடத்திட்டத்தின் அனுபந்தத்தில் ஒதுக்கிவிடாமல் அங்கீகார விதியிலேயே எழுதிவைக்காவிட்டால், களப்பயிற்சிப் பதிவேடு பருவ இறுதியில் ஒரே நாளில் எழுதி ஒரே மையில் கையெழுத்திடப்படும் நோட்டுப் புத்தகமாகிவிடும்.