தனித்திருக்க ஓர் இடம்

பதினோராம் தர மாணவர்களுக்கு ‘தனிமையின் பயன்’ என்று ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். பதுளைக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வரும் மாணவி எழுதாத தாளை நீட்டினாள். “காம்பராவுல நாங்க ஏழு பேரு சேர். தனியா இருந்ததே இல்ல. என்னத்த எழுதுறது?” என்றாள். இருபது வருஷம் படிப்பித்த எனக்கு அன்று பதில் வரவில்லை. தனிமையைக் குணம் என்றும் தவம் என்றும் பேசுகிறோம். அதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும் என்பதை அந்த வெறுந்தாள்தான் எனக்கு உணர்த்தியது. அந்த இடத்தின் வரலாறு எங்கள் மலைகளிலேயே இருக்கிறது.

கோப்பிக் காலத்தில் தொடங்கி, தேயிலைக் காலத்தில் பெருகியவை லயங்கள். ஒரு குடும்பத்துக்குப் பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் அதற்குள்தான். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டதிலிருந்து மாலையில் கொழுந்து நிறுக்கும் வரை கங்காணியின் கண் மேலே இருக்கும். ஆட்களைக் கூட்டமாக வைத்துக் கூட்டமாகக் கணக்கெடுக்கப் போட்ட கட்டடம் அது. ஒருவர் தனியே உட்கார்ந்து யோசிப்பதற்கு அதில் கணக்கு வைக்கவில்லை.

அதே மலையின் மேட்டில் துரை பங்களா. 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். அவர் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லும் இடம் இன்றும் ‘லிப்டன் சீற்’ என்றே பெயர் பெற்றிருக்கிறது. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய அதிஷம் மாளிகை, 1960களில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாயிற்று. ஒரு குடும்பத்தின் ஓய்வுக்கான வீடு பலருடைய மௌனத்துக்குப் பயன்பட்டது நல்ல மாற்றந்தான். ஆனால் லயத்துக்கு அப்படி ஒரு மாற்றம் வரவில்லை.

ஹப்புத்தளை முகட்டில் நின்று தெற்கே பார்த்தால் மலை சட்டென்று இறங்கிச் சமவெளியாகும். அந்தத் தாழ்நிலப் பக்கத்தில், பலாங்கொடையிலிருந்து கல்தோட்டைக்குப் போகும் வீதியில், கூரகல என்னும் தப்தர் ஜெய்லானி இருக்கிறது. நிர்வாகப்படி அது சப்ரகமுவ மாகாணம். என்றாலும் எங்கட ஆட்களுக்கு அது சொந்த ஊர் மாதிரி. வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கந்தூரிக்குப் போன ஞாபகம் எனக்கும் உண்டு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அங்கே தவமிருந்தார்கள் என்பது மரபு. இராக்கின் பாழ்நிலங்களில் அவர்கள் பல்லாண்டு தனித்திருந்ததாக அவர்களைப் பற்றிய பழைய நூல்கள் சொல்கின்றன. மரபையும் ஆவணத்தையும் பிரித்துப் பார்ப்பது ஆய்வின் கடமை. ஆனால் அந்த மரபை நம்பி பக்கீர்மாரும் பாவாமாரும் கல்வத் இருக்க அந்தக் குகைகளை நாடி வந்ததும் வரலாறே. அதே பாறையில் பிராமிக் கல்வெட்டுகளும் உண்டு. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே பௌத்த பிக்குகள் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். பிந்திய காலத்துச் சர்ச்சைகளை வாசகர்கள் அறிவார்கள். தனித்திருக்க வந்தவர்களுக்கு அந்தப் பாறை போதுமாக இருந்தது. கூட்டமாக வந்தவர்களுக்குத்தான் போதவில்லை.

எங்கள் மார்க்கத்தில் தனிமைக்கு ஒரு கதவும் ஒரு தவணையும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஹிராக் குகைக்கு உணவு கட்டிக்கொண்டு போவார்கள். அது தீர்ந்ததும் கதீஜா (ரழி) அவர்களிடம் திரும்பி வருவார்கள். வஹீ வந்த பின்னரோ, ரமழானின் கடைசிப் பத்து நாட்களில் பள்ளிவாசலுக்குள்ளேயே தனித்திருந்தார்கள். ஊருக்கு நடுவே ஒரு மறைப்பு, அவ்வளவுதான். அவர்களுடைய மறைவுக்குப் பின் அவர்களின் மனைவியரும் இஃதிகாஃப் இருந்தார்கள். ஆண்களுக்கு மட்டும் ஒதுக்கிய வணக்கம் அல்ல அது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095 இல் பக்தாதின் பெரும் பதவியை விட்டுப் புறப்பட்டார்கள். டமஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு பகல் முழுதும் இருந்ததைத் தாமே எழுதியிருக்கிறார்கள். பிறகு 1106 இல் நைஸாபூரில் மறுபடியும் மாணவர்களுக்கு முன் உட்கார்ந்தார்கள். ‘இஹ்யா’வில் தனித்திருத்தல் பற்றிய நூலில் தனிமையின் நன்மையையும் மக்களோடு வாழ்வதன் நன்மையையும் இரண்டு தட்டிலும் வைத்து நிறுக்கிறார்கள். தனிமை அவர்களை மறுபடியும் வகுப்பறைக்கே கொண்டுவந்தது. ஆசிரியனான எனக்கு அதுதான் பெரிய பாடம்.

நக்ஷபந்தி தரீக்காவில் ‘சபைக்குள் தனிமை’ என்று ஒரு கொள்கை உண்டு. ஆயிரம் பேருக்கு நடுவிலும் உள்ளம் இறைவனோடு தனித்திருப்பது. அருமையான கருத்து. ஆனால் ஏழு பேர் படுக்கும் காம்பராவில் சோதினைக்குப் படிக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போனால், அது உபதேசமாக இருக்கும், உதவியாக இராது. கல்வத்தைப் போதித்த பெரியவர்கள் முரீதுக்குச் சொல்லை மட்டும் கொடுத்து விடவில்லை. ஒரு சிற்றறையைக் கொடுத்தார்கள், நாளுக்குக் கணக்குக் கொடுத்தார்கள், வெளியே உணவு வைத்தார்கள்.

நகரத்தில் உள்ள எங்கட வீடுகளையும் சும்மா விட முடியாது. “தஹஜ்ஜுத் நேரம் மட்டுந்தான் மகன் எனக்குச் சொந்தம்” என்று உம்மா சொல்லுவார். பகல் முழுக்க அடுப்படியிலும் ஆட்களுக்கு நடுவிலும் நின்றவருக்கு அந்த இருட்டுத்தான் ஹிரா. அது தியாகம் என்று நாங்கள் புகழ்ந்தோமே தவிர, பகலில் ஒரு மணித்தியாலம் அவருக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

எங்கள் பள்ளிவாசல்களின் மேல்மாடிகளும் மத்ரஸா அறைகளும் நாளில் பாதி நேரம் பூட்டியே கிடக்கின்றன. மின்விளக்கு, மேசை, அமைதி எல்லாம் அங்கே இருக்கின்றன. அஸருக்குப் பின் இரண்டு மணித்தியாலம் திறந்துவிட்டால் எத்தனை பிள்ளைகள் படிக்கும்! எந்தச் சமூகத்துப் பிள்ளை என்று கேட்காமல் திறப்பதே ஜெய்லானிக் குகை சொல்லும் பாடம்.

நான் செய்தது சிறியது. அதிபரிடம் கேட்டு, பாடசாலை நூலகத்தின் திறப்பை வாங்கிக்கொண்டேன். பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம் அது திறந்திருக்கும். அந்த மாணவி முதல் நாள் ஒன்றும் எழுதவில்லை, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவுமில்லை. அடுத்த கிழமை அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து தந்தாள். நாலு பக்கம்.