என்ன இருக்கிறது என்று எட்ட இருந்தே பார்ப்பது

திருவிடைமருதூரிலிருந்து தஞ்சாவூர் சரஸ்வதி மகாலுக்குப் போய்ச் சுவடி பார்ப்பது நமக்குப் பெரிய காரியம் இல்லை. பஸ் ஏறினால் போச்சு. ஆனால் 1870களில் லண்டனில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, அங்கே என்னென்ன சுவடி இருக்கிறது என்பதே தெரியாது. தஞ்சையில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னெல் என்ற வெள்ளைக்காரர் அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். அது 1880ல் லண்டனில் அச்சானது. சுவடி தஞ்சாவூரிலேயே இருந்தது, பெயர்கள் மட்டும் கடல் தாண்டின. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

கணினியிலும் இதே கதைதான் நண்பர்களே. கறுப்புத் திரையில் எப்.டி.பி. என்று அடித்து, தூரத்து சர்வருக்குள் போய், எல்.எஸ். என்று தட்டினால் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வருமே, அதற்குப் பின்னால் இருப்பவர் நம்மவர். அபய் பூஷண், அலகாபாத்காரர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் செட் மாணவர். 1965ல் அங்கே முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்குப் போனார். 1971 ஏப்ரல் 16 தேதியிட்ட ஆர்.எப்.சி. 114 என்ற ஆவணத்தில் எப்.டி.பி.யின் முதல் வரைவை எழுதியவர் இவர்தான். (நம் பாடப்புத்தகத்தில் இவர் பெயரை நான் பார்த்ததே இல்லை.)

அந்த வரைவு பலமுறை திருத்தப்பட்டு, 1985 அக்டோபரில் ஆர்.எப்.சி. 959 ஆக வந்தது. எழுதியவர்கள் ஜான் போஸ்டெல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ். அதில் பட்டியல் கேட்க இரண்டு கட்டளைகள். 'லிஸ்ட்' கேட்டால் அளவு, தேதி எல்லாம் சேர்ந்து வரும், அது மனிதன் படிக்க. 'என்.எல்.எஸ்.டி.' கேட்டால் வெறும் பெயர்கள், அது புரோகிராம் படிக்க. வேடிக்கை என்னவென்றால், லிஸ்ட் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்று அவர்கள் சொல்லவே இல்லை. யூனிக்ஸ் ஒரு மாதிரி, விண்டோஸ் ஒரு மாதிரி. யூனிக்ஸில் சமீபத்துக் கோப்புக்கு மாதம், நாள், மணி வரும், வருஷம் வராது! ஆறு மாதம் தாண்டிய கோப்புக்கு வருஷம் வரும், மணி வராது. கணக்குப்பதிவியல் பரீட்சையில் இப்படித் தேதி போட்டால் மார்க் கிடைக்குமா? :) புரோகிராம் எழுதுகிறவர்கள் இதை ஊகித்து ஊகித்தே காலம் தள்ளினார்கள். எல்லோருக்கும் ஒரே வடிவம் என்று ஆர்.எப்.சி. 3659 வந்தது 2007ல்தான்.

இந்தப் பட்டியல்களை வைத்து ஒரு பெரிய காரியமும் நடந்தது. 1990ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்ற மாணவர், யாரும் நுழையலாம் என்று திறந்திருந்த எப்.டி.பி. சர்வர்களின் பட்டியல்களைச் சேகரித்து, தேடும்படி வைத்தார். பெயர் ஆர்ச்சி. இணையத்தின் முதல் தேடுபொறி என்று அதைத்தான் சொல்கிறார்கள். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆர்ச்சிக்குத் தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும்.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது சொந்த அனுபவத்தில். நான் பகுதிநேரமாகப் போகும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பழைய கணக்குகள் ஒரு பழைய சர்வரில் கிடக்கின்றன. ஒரு கட்சிக்காரரின் 2016 லெட்ஜர் அவசரமாக வேண்டும் என்றார் சார். வீட்டிலிருந்து உள்ளே போனேன், பாஸ்வேர்டு சரி, எல்.எஸ். அடித்தேன்... அப்படியே நின்றுவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. எப்.டி.பி.யில் பேச்சு ஒரு வழி, சரக்கு வேறு வழி. கட்டளை 21ம் போர்ட்டில் போகும். பட்டியலோ, கோப்போ வருவதற்கு சர்வர் நம்மைத் திருப்பிக் கூப்பிட்டுத் தனி இணைப்பு போடும். போனில் ஆர்டர் கொடுத்துவிட்டோம், சாமான் கொண்டு வந்த ஆளை வாசலில் வாட்ச்மேன் நிறுத்திவிட்டான் என்ற கதை. 1971ல் வாட்ச்மேனே கிடையாது, இப்போது பயர்வால் இல்லாத இடம் ஏது? நாமே போய் வாங்கிக்கொள்ளும் 'பாசிவ்' முறை உண்டு. ஆனால் விண்டோஸோடு வரும் எப்.டி.பி.க்கு அது தெரியாது.

மறுநாள் அலுவலகத்துக் கணினியிலேயே உட்கார்ந்து எல்.எஸ். அடித்தேன். பெயர்கள் வந்தன, 2016 லெட்ஜரும் இருந்தது. "இருக்கு சார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். இறக்கித் திறந்தால் ஒன்றுமே இல்லை. பக்கத்து சீட் அண்ணன், "டிர் அடிச்சுப் பாருடா" என்றார். விண்டோஸில் எல்.எஸ். வெறும் பெயரைக் கேட்கும், டிர்தான் முழு லிஸ்ட்டைக் கேட்கும். அடித்தேன். தேதி இருந்தது, பெயர் இருந்தது, அளவு 0.

டெபியன் தன் பொது எப்.டி.பி.யை 2017 நவம்பரில் மூடிவிட்டது. 2021ல் பயர்பாக்ஸும் குரோமும் எப்.டி.பி.யைக் கைவிட்டன. எங்கள் அலுவலக சர்வர் இன்னும் ஓடுகிறது. அதிலுள்ள எல்லா வருஷத்துக் கோப்புகளுக்கும் டிர் அடித்து, அளவு பார்த்து, ஒரு நோட்டில் எழுதும் வேலை இப்போது என் தலையில்.