நல்ல மீன் கத்தி எப்படி மலிவாயிற்று?

கடைக்காரர் உங்கள் முன் இரண்டு மீன் கத்திகளை எடுத்து வைக்கிறார். இரண்டும் பளபளவென்று மின்னுகின்றன. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல் ஐந்து மடங்கு. எதை வாங்குவீர்கள்? விலை கூடியதுதான் உழைக்கும் என்பார் சிலர். கத்திக்கு இத்தனை பணமா என்று மலிவானதை எடுத்துக்கொள்வார் சிலர். இரண்டு முடிவுகளுமே தவறாகப் போகலாம். கத்தியின் தரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: அதன் உலோகம், அந்த உலோகம் நெருப்பில் பெற்ற பதம், அலகின் வடிவம். இம்மூன்றையும் மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பதை அறிந்தால், குறைந்த விலையிலேயே நல்ல கத்தியைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

முள்ளை ஒட்டிச் செல்லும் கத்தி

நம் வீடுகளில் அரிவாள்மனையில் மீனைக் குறுக்கே நறுக்கித் துண்டு போடுகிறோம். அங்கே முள்ளும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது. கனமான, விறைப்பான அலகுதான் அதற்கு ஏற்றது. ஆனால் 'ஃபில்லெட்' எடுப்பது வேறு வேலை. நடுமுள்ளை ஒட்டியே கத்தியைச் செலுத்தி, இரு பக்கத்துச் சதையையும் முள் இல்லாத பாளங்களாகப் பிரித்தெடுக்க வேண்டும். விலா முட்கள் வளையும் இடத்தில் கத்தியும் வளைய வேண்டும்.

ஆகவே இக்கத்தியிடம் நாம் மூன்று குணங்களை எதிர்பார்க்கிறோம். கூர் விரைவில் மழுங்கக் கூடாது. உப்பு நீரிலும் மீன் இரத்தத்திலும் துருப்பிடிக்கக் கூடாது. வளைந்தபின் பழையபடி நேராக வேண்டும். ஒன்று குறைந்தாலும் நட்டந்தான். மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது; வழுக்கினால் அது கையில் பாய்கிறது. முள்ளிலேயே தங்கிவிடும் சதை, சிறு மீன்கடைக்காரருக்கு அன்றாட இழப்பு.

கடினம்: கடிகாரக்காரர் தந்த எஃகு

இரும்பைக் கடினமாக்குவது அதில் கலந்துள்ள சிறிதளவு கார்பன். கார்பன் கலந்த இரும்பே எஃகு. அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ சட்டென்று தோய்த்தால் மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். மறுபடி இலேசாகச் சூடேற்றினால் நொறுங்கும் குணம் தணிகிறது. கொல்லர்கள் 'தோய்ச்சல்' என்று சொல்லும் பதம் இதுவே.

பழைய ஐரோப்பிய எஃகில் கார்பன் ஒரே சீராகப் பரவியிராது. ஒரே கத்தியில் ஓரிடம் கடினமாகவும் மற்றோரிடம் மென்மையாகவும் இருக்கும். இக்குறையைத் தீர்த்தவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக்காரர். கடிகாரச் சுருள்வில்லுக்கு நல்ல எஃகு தேடிய அவர், 1740களில் எஃகை மூசையில் இட்டு முழுவதும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அருகிலிருந்த ஷெஃபீல்டு நகரத்துக் கத்தித் தொழிலாளர் முதலில் அதை ஏற்கவில்லை. வேலை செய்வதற்கு அது மிகவும் கடினமாக இருக்கிறது என்றார்களாம்! பிரான்சுக்காரர்கள் அதை வாங்கிக் கத்தி செய்து விற்ற பிறகே அவர்கள் மனம் மாறினார்கள் என்பது வழிவழி வரும் செய்தி.

மூசை எஃகு நல்லது. ஆனால் விலை அதிகம். 1856இல் ஹென்றி பெஸ்ஸமர், உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்தி எஃகாக்கும் முறையை அறிவித்தார். அதன்படி செய்து பார்த்த பலர் தோற்றனர். பிரிட்டனில் கிடைத்த இரும்புத்தாது பலவற்றில் இருந்த பாஸ்பரஸ் எஃகை நொறுங்கச் செய்தது. பாஸ்பரஸ் குறைந்த தாது ஸ்வீடனில் இருந்தது. அங்கே யோரன் பிரெட்ரிக் யோரன்சன் 1858இல் இம்முறையில் வெற்றி கண்டு, 1862இல் சான்ட்விக்கன் என்ற ஊரில் ஆலை தொடங்கினார். அதே நாட்டில், மூரா நகருக்கு அருகிலுள்ள ஓஸ்ட்னூரில், எரிக் ஃப்ரோஸ்ட் 1891இல் தொடங்கிய பட்டறை பின்னர் கத்தித் தொழிற்சாலையாக வளர்ந்தது. மலிவு விலைக்கும் உழைப்புக்கும் மூரா கத்திகள் பெயர் பெற்றன.

துரு: தவறான கேள்விக்குச் சரியான விடை

எஃகுக் கத்தி கூராக இருந்தது, ஆனால் துருப்பிடித்தது. எலுமிச்சைச் சாறு பட்டால் கறுத்து, மீனுக்கும் இரும்பு வாடை ஏற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர்கள் மீன் உண்பதற்கென்று வெள்ளிக் கத்தி வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கடற்கரையில் மீன் அரிபவருக்கு வெள்ளி ஏது?

துருப்பிடிக்காத எஃகைத் தேடிய கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. தென்னிந்தியாவில் மூசையில் செய்த 'வூட்ஸ்' எஃகின் மாதிரிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனுக்குச் சென்றன. அதன் சிறப்பு எதனால் வந்தது என்று மைக்கேல் பாரடே 1819இல் பகுத்து ஆராய்ந்தார். கத்திக் கைவினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து, எஃகில் வெவ்வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார். 1822இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் குரோமியம் கலந்த எஃகும் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில், பிரான்சைச் சேர்ந்த பியர் பெர்த்தியே, குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தை எதிர்த்து நிற்பதைக் கண்டிருந்தார்.

பிறகு ஏன் இத்தனை தாமதம்? 1892இல் புகழ்பெற்ற உலோகவியலாளர் ராபர்ட் ஹேட்ஃபீல்டு, குரோமியம் எஃகின் எதிர்ப்பைக் குறைக்கிறது என்று முடிவு கூறினார். அவர் சோதித்தது 50 சதவீதக் கந்தக அமிலத்தில். அந்த அமிலத்தைப் பொறுத்தவரை அவர் கண்டது சரியே. ஆனால் சமையலறைக் கத்தியைக் கந்தக அமிலத்திலா கழுவுகிறோம்? ஓர் அமிலத்தில் கிடைத்த விடையைப் பொது விதியாகக் கொண்டதால் பலரும் திசை மாறினர்.

1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய்கள் விரைவில் தேய்வதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் கொண்ட எஃகை வார்த்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அதை அமிலத்தால் அரிக்க முயன்றபோது அது எளிதில் அரிபடவில்லை. கத்திக்கு இது உதவும் என்று அவர் உடனே எண்ணினார். வாங்கிப் பார்த்த தொழிலாளர்கள் உதட்டைப் பிதுக்கினர். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில் மேலாளர்தான் விடாமல் முயன்று வெற்றி கண்டார். 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரும் அவர் வாய்மொழியே.

இந்த எஃகைத் துருவிலிருந்து காப்பது எது? குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மெல்லிய படலமாகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்குதான்! கீறல் விழுந்தால் படலம் தானே மீண்டும் உண்டாகிறது. ஆனால் உப்பிலுள்ள குளோரைடு இப்படலத்தைத் துளைக்கும். ஆகவே கறை படாத கத்தியையும் நல்ல நீரில் கழுவித் துடைத்தே வைக்க வேண்டும்.

தொடக்க காலத்து ஸ்டெயின்லெஸ் கத்திகளில் கூர் நிற்கவில்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று பிரியர்லியைக் கேலி செய்தனர். குறை எஃகில் மட்டும் இல்லை, பதத்திலும் இருந்தது. சாதாரண எஃகுக்கு 800 டிகிரி சென்டிகிரேடு அளவில் வெப்பம் போதும். குரோமிய எஃகுக்கோ 1000 டிகிரிக்கு மேல் வேண்டும். குறைந்த வெப்பத்தில் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கரையாமல் நின்றுவிடும். அப்போது அலகும் கடினமாகாது; படலத்துக்கு வேண்டிய குரோமியமும் குறையும். ஒரே பிழையால் இரண்டு குணங்களும் கெடுகின்றன. இன்று இப்பதம் ஆலைகளில் கருவிகளின் கட்டுப்பாட்டில் நடக்கிறது. 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பனும் 13 முதல் 15 சதவீதம் குரோமியமும் உள்ள எஃகு, கத்தித் தொழிலுக்கு எளிதாகக் கிடைக்கிறது. நல்ல கத்தி மலிவானதன் இரகசியம் இதுவே.

வளைவு: உலோகம் அன்று, தடிமன்

வளையும் கத்தி மென்மையான எஃகால் ஆனது என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. வளைக்கும் விசைக்கு எஃகு காட்டும் எதிர்ப்பை 'யங் குணகம்' என்ற எண்ணால் அளக்கிறோம். எஃகுக்கு அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 லட்சம் கிலோகிராம் எடை. தோய்ச்சல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்த எண் ஏறக்குறைய மாறுவதில்லை.

மாறுவது வடிவத்தால்தான். அலகின் தடிமனைப் பாதியாக்கினால் அது எட்டு மடங்கு எளிதாக வளையும். நீளத்தை 16 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ. ஆக்கினால் வளைவு ஏறத்தாழ இரு மடங்காகும். அப்படியானால் தோய்ச்சலின் பயன் என்ன? வளைத்தபின் நேராகத் திரும்பும் எல்லையை அது உயர்த்துகிறது. மெல்லிய, கடினப்பட்ட அலகு துள்ளித் திரும்பும். மெல்லிய, மென்மையான அலகு வளைந்தபடியே நின்றுவிடும்.

பின்லாந்தில் மூன்று குணங்களும் ஒரே கத்தியில் கூடின. ரோவனியெமி நகரில் யான்னே மார்ட்டீனி 1928இல் கத்தித் தொழில் தொடங்கினார். தூண்டில் பொய்யிரை செய்து புகழ்பெற்ற ரபாலா நிறுவனத்துக்காக 1960களில் மார்ட்டீனி ஆலை செய்த கத்தி, ஒடுங்கிய மெல்லிய அலகும் பிர்ச் மரப்பிடியும் கொண்டது. தூண்டில் போடும் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் அது உலகெங்கும் விற்றது.

கடையில் என்ன பார்ப்பது?

முதலில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நாம் 'எவர்சில்வர்' என்றழைக்கும் பாத்திர எஃகில் நிக்கலும் கலந்துள்ளது. அதில் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டா, தோய்ச்சலாலும் கடினமாகா. காந்தம் ஒட்டாத கத்தியை விட்டுவிடுங்கள். ஒட்டினால் மட்டும் நல்லது என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

அடுத்து, அட்டையில் 'ராக்வெல்' எண் இருக்கிறதா என்று பாருங்கள். பந்துத் தாங்கி ஆலையில் பணிபுரிந்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் 1914இல் காப்புரிமை கோரிய கடினச் சோதனை அது. மீன் கத்திக்கு 54 முதல் 58 வரை ஏற்றது. அதைவிட மிகுந்தால் வளையும் மெல்லிய கூர் சிதற இடமுண்டு. வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டுவதும் கடினம்.

மூன்றாவதாக, கடைக்காரரின் அனுமதியோடு அலகின் நுனியை மரப்பலகையில் மெல்ல அழுத்தி வளைத்து விடுங்கள். முற்றிலும் நேராகத் திரும்ப வேண்டும். சிறு மீனுக்கு 15 செ.மீ. அலகு போதும், பெரிய மீனுக்கு 20 செ.மீ. வேண்டும். பிடி ஈரக்கையில் வழுக்காத சொரசொரப்புடன், அழுக்குத் தங்கும் இடுக்கு இல்லாமல் இருக்கட்டும். வேலைப்பாடுள்ள மரப்பிடி அழகுதான். ஆனால் அந்த அழகுக்குத் தரும் பணம் கூரில் சேராது.

மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல சாணைக்கல் வாங்குங்கள். தீட்டும்போது ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி கோணம் பொருந்தும். கோணமானி வேண்டியதில்லை. 2 செ.மீ. அகலமுள்ள அலகென்றால், அதன் முதுகைக் கல்லிலிருந்து 5 மி.மீ. உயர்த்திப் பிடித்தால் அதுவே 15 டிகிரி. இரு பக்கமும் சம அளவு தீட்டி, கழுவித் துடைத்து, உலர்ந்த இடத்தில் வைத்துவந்தால், அந்த மலிவுக் கத்தி பல ஆண்டுகள் உங்களுக்கு உழைக்கும்.