கோடைமலையில் கண்ணீர் சிந்தும் அன்னை

திருபுவனைப் பக்கத்தில் வாழும் நமக்குக் கிழக்கே சில கல் தொலைவில் வில்லியனூர் லூர்தன்னை வீற்றிருக்கிறாள். 1858-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லூர்து குகையில் காட்சி தந்த அந்த அன்னையின் சுரூபம் 1877-இல் இம்மண்ணுக்கு வந்தது. வயல்களுக்கு நடுவே, குளக்கரையில், அவளைத் தேடிச் செல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆயின் அவளுக்கும் முன்னரே, அதே பிரான்சு நாட்டிலிருந்து வந்து தமிழகத்தின் மலையொன்றில் குடியேறிய அன்னை ஒருத்தி இருக்கிறாள். கோடை விடுமுறையில் பேருந்து பேருந்தாகக் கோடைக்கானல் சென்று திரும்பும் நம்மவருள் பலர் அவளைக் காணாமலேயே இறங்கி வந்துவிடுகின்றனர்.

கோடைக்கானலின் பிறப்புக்குப் பின்னே மரண பயம் இருந்தது. ஆங்கிலேய நிலஅளவையாளரான வார்டு என்பவர் 1821-இல் இம்மலையேறி அளந்து சென்றார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க சீர்திருத்த சபை மிஷனரிகள் இங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினர். காய்ச்சலும் காலராவும் தங்கள் தோழரையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துக் கொண்டு போனதே அவர்களை மலைக்குத் துரத்தியது. கத்தோலிக்கக் குருக்களின் கதையும் வேறன்று. 1836-இல் புதுச்சேரி மறைஆட்சிப் பகுதி அமைக்கப்பட்டபோது மதுரையும் அதனுள் அடங்கியிருந்தது. 1838-இல் பெர்த்ராண் அடிகளாரின் தலைமையில் நான்கு இயேசு சபைக் குருக்கள் மதுரைக்குத் திரும்பினர். அடுத்துவந்த ஆண்டுகளில் நோய்க்கு இரையான இளங்குருக்கள் பலர். அவர்களுக்கு மலை என்பது உல்லாசத்தலம் அன்று. உயிர் பிழைக்கும் இடம்.

இவ்வேளையில்தான் லூயி சேன்-சீர் அடிகளார் மலைக்கு வந்தார். 1866-இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் சலேத் அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சலேத் என்பது ஆல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள ஓர் எளிய சிற்றூர். 1846 செப்டம்பர் 19 அன்று அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்சிமின் என்னும் இரு ஏழைப் பிள்ளைகள், ஒரு பெண் கைகளில் முகம் புதைத்து அழுதுகொண்டிருக்கக் கண்டனர். அன்னை பிரெஞ்சு மொழியில் பேசத் தொடங்கினாள். உருளைக்கிழங்கு அழுகிப்போவதைப் பற்றிச் சொன்னபோது பிள்ளைகளுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. உடனே அவள் அவர்களுடைய வட்டாரப் பேச்சுக்கு மாறினாள். விண்ணரசி மாட்டுக்காரப் பிள்ளைகளின் கொச்சை மொழியைத் தன் மொழியாக்கிக்கொண்டதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. ஐந்தாண்டு ஆராய்ந்தபின், 1851-இல் கிரெனோபிள் ஆயர் அக்காட்சியை ஏற்றுக்கொண்டார். மலையில் அழுத அந்த அன்னைக்கு இன்னொரு மலையில் கோயில் எழுந்தது எத்துணைப் பொருத்தம்!

இன்று பயணிகள் விரும்பிக் காணும் இடங்கள் யாவும் இதனை ஒட்டிய காலத்தில் உருவானவையே. மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு 1863-இல் ஓடையை மறித்து ஏரியை அமைத்தார். பள்ளத்தாக்கின் விளிம்பையொட்டிச் செல்லும் கோக்கர் நடைபாதை 1872-இல் வந்தது. 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையின் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. அங்கு வாழ்ந்த அங்லாத் அடிகளார் மலைச்செடிகளைத் தேடித் தேடி வரைந்தார். பழனிமலையின் கற்திட்டைகளை ஆராய்ந்து 1928-இல் நூலும் வெளியிடச் செய்தார். வெள்ளையர் வருமுன்பே இம்மலையில் மனிதர் வாழ்ந்து, தம் இறந்தோரை மதித்து அடக்கம் செய்தனர் என்பதற்கு அக்கற்களே சான்று. 1901 முதல் பணியாற்றிவரும் சூரிய ஆய்வுக்கூடத்தில்தான், 1909-இல் எவர்ஷெட் என்னும் அறிஞர் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்.

இவர்கள் எல்லாரும் மலையேறியது எவ்வாறு? முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார்ச் சாலை அமையும்வரை, அடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான பாதையில் நடந்தோ குதிரையிலோ டோலியிலோதான் செல்ல வேண்டும். டோலியையும் மூட்டைகளையும் சுமந்தவை கூலியாட்களின் தோள்கள். ஏரிக்கும் நடைபாதைக்கும் துரைமாரின் பெயர் நிலைத்திருக்கிறது; சுமந்தவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

சுமை இன்றும் இறங்கியபாடில்லை. சோலைக்காடுகள் இருந்த இடத்தில் விடுதிகள் எழுந்துள்ளன. வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றின் பாதரசக் கழிவு மண்ணையும் காட்டையும் மாசுபடுத்த, அது 2001-இல் மூடப்பட்டது. அங்கு உழைத்தவர்களோடு உடன்பாடு ஏற்பட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாகன நெரிசல் பெருகியதால், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் மலையேற மின்-அனுமதிச் சீட்டு முறை வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது. மீண்டும் 2030-இல் பூக்க வேண்டும். அதற்கு அன்று இடம் எஞ்சியிருக்குமா?

சலேத்தில் அன்னை அழுதது எதற்காக? ஓய்வுநாளையும் இறைவனையும் மறந்த மக்களுக்காக. விளைச்சல் அழுகி, பிள்ளைகள் பசியால் மடியப்போவதை அறிந்ததற்காக. ஆன்மாவின் நலத்தையும் உருளைக்கிழங்கின் நலத்தையும் ஒரே மூச்சில் பேசியவள் அவள். மண்ணின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் ஒன்றே என்று திருத்தந்தை பிரான்சிசு 2015-ஆம் ஆண்டின் திருமடலில் எடுத்துரைத்ததை அவள் முன்னமே உணர்த்தினாள் எனலாம்.

ஆகவே அடுத்த முறை கோடைக்கானல் செல்லும் நண்பர்களே, ஏரியையும் அருவியையும் மகிழ்ந்து காணுங்கள். ஓய்வும் இறைவன் தந்த கொடையே. ஆயின் ஒரு மணி நேரத்தைச் சலேத் அன்னைக்கும் ஒதுக்குங்கள். நம்மைப் போன்றோரைச் சுமந்த தோள்களுக்காக அங்கே ஒரு செபம் சொல்லுங்கள். இறங்கும்போது மலையில் எதை விட்டு வருகிறோம் என்பதையும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள். வில்லியனூரில் நம் கண்ணீரை அன்னை துடைக்கிறாள். கோடைமலையிலோ, அவள் கண்ணீரைத் துடைக்கும் பொறுப்பு நம்முடையது.