கரடுமுரடுக்கு ஒரு கணக்கு

இலக்கியக் கூட்டத்தில் பாறை, கடற்கரை என்று பேச வந்திருக்கிறாளே என நினைக்க வேண்டாம். இது ஒரு மனிதரின் கதை. போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் என்பதால், செவிலியான எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1881இல் இங்கிலாந்தில் பிறந்தார். வானிலை ஆய்வாளர். ஆயுதம் எடுப்பதில்லை என்ற கொள்கையுடைய குவேக்கர் கிறிஸ்தவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்து, 1916 முதல் 1919 வரை பிரான்ஸில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்றார்.

நாடுகள் ஏன் போரிடுகின்றன என்ற கேள்வி அதன்பிறகு அவரை விடவில்லை. பொது எல்லை நீளமாக இருந்தால் சண்டையும் கூடுமோ? எல்லைகளின் நீளத்தைப் புத்தகங்களில் தேடினார். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலான எல்லை ஒன்றில் 987 கிலோமீட்டர், இன்னொன்றில் 1,214!

யாரும் பொய் சொல்லவில்லை. கவராயத்தின் காலை அகல விரித்து வரைபடத்தில் அளந்தால் சிறு வளைவுகள் விடுபடும். குறுக்கி அளந்தால் அவையும் சேரும், நீளம் கூடும். வார்டில் நாங்கள் ஒரு புண்ணைக் காகித அளவுகோலால் நீளம், அகலம் என்று குறித்துக்கொள்கிறோம். அதன் ஓரத்து நெளிவுகளை அளப்பதில்லை. அளந்தால் எங்கே நிறுத்துவது?

ரிச்சர்ட்சன் 1953இல் இறந்தார். இந்தக் கட்டுரை 1961இல்தான் வெளிவந்தது. பெனுவா மாண்டல்பிராட் அதைப் படித்துவிட்டு, கரடுமுரடையே ஓர் எண்ணாகச் சொல்லலாம் என்று 1967இல் எழுதினார். நேர்கோட்டுக்கு 1. அதற்கு மேலே போகப்போக முரடு அதிகம். தென்னாப்பிரிக்கக் கரைக்கு 1.02, நம் ஆஸ்திரேலியாவுக்கு 1.13, பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25. இத்தகைய வடிவங்களுக்கு 1975இல் ‘ஃப்ராக்டல்’ என்று பெயரும் வைத்தார்.

சிட்னித் துறைமுகத்தைப் பாருங்கள். மணற்கல்லில் ஓடிய வெடிப்புகளை ஒட்டி ஆறும் ஓடைகளும் பள்ளத்தாக்குகளை அறுத்தன. பனியுகம் முடிந்து கடல் சுமார் 120 மீட்டர் உயர்ந்தபோது அவை மூழ்கின. அதனால்தான் விரிகுடாவுக்குள் குடா, அதற்குள் இன்னொரு சிறு குடா. கரைப்பாறைக்கு அருகில் போனால், உப்பும் காற்றும் அரித்த தேன்கூடு போன்ற குழிகள். ஒவ்வொரு அளவிலும் வேலைசெய்யும் கை வேறு, ஆனால் முரடு மட்டும் தொடர்கிறது. பாறையைப் படமெடுக்கும் புவியியலாளர் பக்கத்தில் ஒரு சுத்தியலையோ நாணயத்தையோ வைப்பது இதனால்தான். இல்லையென்றால் அது மலையா, கைப்பிடிக் கல்லா என்று தெரியாது.

இது நம் ஊருக்கும் வந்துவிட்டது. இந்தியாவின் கடற்கரை 7,516.6 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்தோம். உள்துறை அமைச்சகத்தின் 2023-24 அறிக்கையில் அது 11,098.81. முக்கியக் காரணம், பழைய அளவை விட நுணுக்கமான வரைபடத்தில் அளந்தது. தமிழ்நாடு 906.9இலிருந்து 1,068.69 ஆனது. குஜராத்தோ 1,214.7இலிருந்து 2,340.62! ஒரே அளவுகோல்தான். கரை நேராக இருக்கும் இடத்தில் கொஞ்சம் கூடியது, நெளிந்து கிடக்கும் இடத்தில் இரட்டிப்பை நெருங்கியது.

ரிச்சர்ட்சனின் இன்னொரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். மனிதர் மனிதரைக் கொன்ற சண்டைகளையெல்லாம் இறந்தவர்களின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினார். கோடிக்கணக்கானோர் மாண்ட உலகப் போரையும் ஒரே ஒருவர் செத்த கொலையையும் ஒரே அளவுகோலில் வைத்தார். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கவராயத்தை அகல விரித்தே அளக்கின்றன. பெரிய போர்கள் அதில் பதியும், ஒற்றைச் சாவுகள் விடுபடும். போர் நடந்த மண்ணிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள் நம்மில் பலர். அவர்கள் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாகத் தெரிவதில்லை. ஆம்புலன்ஸில் ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றிய மனிதர் அந்த ஒருவரையும் கணக்கில் சேர்த்தார். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்தக் கோலால் அளந்தீர்கள் என்று நாமும் கேட்போம்.