பேசும் கடிதங்கள்

சென்ற மாதம் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்கையில் ஒரு கேசட் கிடைத்தது. "இது என்ன அத்தா?" என்று மகன் வினவினான். "உன் பாட்டனார் சவூதியிலிருந்து அனுப்பிய கடிதம்" என்றோம். அவனுக்கு விளங்கவில்லை. அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்தியது. லூ ஒட்டன்ஸ் என்னும் பொறியாளரின் தலைமையில் அது உருவானது. அதற்கு முன்னர் ஒலிநாடாக்கள் பெரிய சுருள்களாக இருந்தன. கேசட்டோ சட்டைப்பையில் அடங்கியது. பக்கத்திற்கு 30 நிமிடங்கள் வீதம், எவரும் தம் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய இயன்றது.

எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் ஓதிய, முழுக் குர்ஆனின் முதல் ஒலிப்பதிவு 1961இல் ஒலித்தட்டுகளாக நிறைவுற்றது. இத்தகைய ஓதல்களை எளிய குடும்பங்களின் இல்லங்களுக்கும் கொண்டு சேர்த்தது கேசட்டே. நாகூர் ஹனிபா அவர்களின் பாடல்களும் அவ்வழியே நம் தெருக்களில் ஒலித்தன.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்புப் பெருகியது. நம்மவர் பலர் கடல் கடந்தனர். அன்று தொலைபேசி உள்ள வீடுகள் சில. வெளிநாட்டு அழைப்புக்குக் கட்டணமோ மிகுதி. குர்ஆனைச் சரளமாக ஓதிய நம் அன்னைக்குத் தமிழில் எழுதத் தெரியாது. பிறரிடம் சொல்லி எழுதுவிக்கும் கடிதத்தில் கணவரிடம் மனம்விட்டுப் பேச முடியுமா? கேசட் வந்தபின் அவர் கதவைச் சாத்திக்கொண்டு தாமே பேசினார். ஊர் திரும்புவோர் கையில் அத்தாவின் பதில் வந்து சேரும்.

கேசட்டின் விளிம்பில் இரு சிறிய பிளாஸ்டிக் தடுப்புகள் உண்டு. அவற்றை உடைத்துவிட்டால் மறுபதிவு செய்ய இயலாது. நாம் உடைக்கவில்லை. பரணில் கிடைத்ததை ஓடவிட்டோம். "பிள்ளைகளை மதரஸாவுக்குத் தவறாமல் அனுப்பு" என்று அத்தா சொல்லிக்கொண்டிருக்கையில், சிறுவயதில் நாமே வானொலியிலிருந்து பதிவு செய்த பாட்டு ஒன்று குறுக்கிட்டது. அவர் அடுத்து என்ன சொன்னார் என்பதை இனி அறிய வழியில்லை.

1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. பின்னர்க் கைப்பேசியும் வந்தது. 2010இல் சோனி நிறுவனம் ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பனையை நிறுத்திக்கொண்டது. கருவிகள் மாறுவது இயல்பு. அவை சுமந்த குரல்களோ நம்மிடம் உள்ள அமானிதம். ஈரமும் வெப்பமும் நாடாவைச் சிதைக்கின்றன. உங்கள் பரணில் பழைய கேசட் இருப்பின், முதலில் அத்தடுப்புகளை உடைத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் ஓடவிடாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். விரைவில் கணினியில் பதிவு செய்து பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். இன்று கைப்பேசியில் வரும் பெற்றோரின் குரல் செய்திகளையும் அவ்வாறே காத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த நம் பெற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.